இருபது டைல்ஸில் ஒரு பெண்

இர்விங், டெக்சஸ்
மார்ச் 8, 2024

அன்புள்ள ஜலஜா அக்காவுக்கு,

அச்சுதன் நமஸ்காரம். இங்கே நான், விஷாகா, க்ரிஷ் மூவரும் சௌக்கியம். உன் முழங்கால் வலியும் அத்திம்பேரின் பிரஷரும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

கடிதத்தைப் பார்த்து ஆச்சரியப்படாதே. போன வாரம் அத்திம்பேரிடம், "அக்கா ஏன் என் போனை எடுக்கவே மாட்டேங்கறா? கோபமா?" என்று கேட்டேன். "கோபமெல்லாம் இல்லடா. பொண்ணு போன நியூஸ் போன்லதானே வந்தது? அதுலேர்ந்து ரிங் அடிச்சாலே எழுந்து வேற ரூமுக்குப் போயிடறா. நீ லெட்டர் போடேன், படிப்பா" என்றார். தீக்ஷா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அவள் காரியத்துக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து வாரம் தவறாமல் உனக்குப் போன் அடித்து, எடுக்கவில்லை என்று மனத்தாங்கல் வேறு பட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால் இனிமேல் காகிதம்தான்.

பைப் ஒழுகி உன் சமையலறைச் சுவரை உடைத்துப் போட்டிருப்பதாகவும் சொன்னார். டைல்ஸ் கம்பெனியில் தம்பியை வைத்துக்கொண்டு நீ வெளியே வாங்கினால் ஊர் சிரிக்கும். இதோடு எங்கள் புது கேட்லாக் வைத்திருக்கிறேன். ரோவீனா என்று ஒரு ஓவியர், அரிசோனா மலைப்பக்கம், அபாச்சி என்கிற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். அவர் வரைந்த படங்களை அனுமதி வாங்கி டைல்ஸில் போடுகிறோம். ஒரு படத்துக்கு இருபது டைல்ஸ். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, டைல்ஸ் அளவுக்கு வெட்டி, சூளைக்குத் தயார் செய்து கொடுப்பது என் வேலை. ஒன்பதாம் பக்கத்தைப் பார். முதுகில் கூடை கட்டிக்கொண்டு, கையில் ஒரு கம்போடு ஒரு பெண் நடந்து போகிறாள். ஓக் மரத்துக் கொட்டை பொறுக்கப் போகிறாளாம். உனக்குப் பிடிக்கும் என்று தோன்றியது.

எப்போதும் உன்,
அச்சு


சான் ரமோன், கலிஃபோர்னியா
மார்ச் 19, 2024

சிரஞ்சீவி அச்சுவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம், விஷாகாவுக்கும் க்ரிஷுக்கும் சேர்த்து. இங்கே க்ஷேமம். முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது. அத்திம்பேர் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறார். மீட்டிங் நடுவில் வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறார். இந்த வருஷம் மழை போதும் போதும் என்று பெய்து மலையெல்லாம் பச்சையாக இருக்கிறது. மே மாதம் காய்ந்துவிடும்.

ஒன்பதாம் பக்கத்துப் பெண்ணே இருக்கட்டும். ஒரே ஒரு திருத்தம். அந்தச் சுவருக்கு வலது பக்கம் கேரேஜுக்குப் போகிற கதவு இருக்கிறது, உனக்குத் தெரியுமே. படத்தில் அவள் வலது பக்கமாகப் போகிறாள். அப்படியே ஒட்டினால் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே கிளம்புகிற மாதிரி ஆகிவிடும். மகாலக்ஷ்மி மாதிரி ஒரு பெண் வெளியே போவதுபோல் வீட்டில் படம் இருக்கக் கூடாது, வாஸ்துப்படி தப்பு. இடம் வலமாக மாற்றிப் போட்டு அனுப்பு. உள்ளே வருகிற மாதிரி இருக்கட்டும்.

வேறு விசேஷம் இல்லை. விஷாகாவை ராத்திரி ஷிஃப்ட் போக வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
ஜலஜா


இர்விங்
மார்ச் 27, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். எல்லோரும் நலம். க்ரிஷுக்கு ஒரு பல் விழுந்தது, அதற்கு வீடு முழுக்க விளம்பரம்.

வாஸ்துவா? நீயா? வளசரவாக்கம் பிளாட் வாங்கும்போது வாஸ்து பார்க்க வந்த மனுஷருக்கு ஒரு வாய் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பினவள் நீ. அமெரிக்கா வந்து முப்பது வருஷம் கழித்து ஞானம் வந்திருக்கிறதாக்கும். போகட்டும். மாற்றிவிட்டேன். ஓவியரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதுதான் முறை. ஒரே ஒரு வீட்டுக்குத்தானே என்று கேட்கவில்லை. உன் செட் அடுத்த சூளையில் வேகும்.

அக்கா, தீக்ஷா அறையை இன்னும் திறக்கவில்லை என்று அத்திம்பேர் சொன்னார். விஷாகா வேண்டுமானால் ஒரு வாரம் வந்து இருக்கிறேன் என்கிறாள். உனக்கு எப்போது சௌகரியம் என்று எழுது.

அச்சு


சான் ரமோன்
மே 2, 2024

சிரஞ்சீவி அச்சுவுக்கு,

ஆசீர்வாதம். க்ரிஷுக்கு அடுத்த பல் முளைத்துவிட்டதா?

டைல்ஸ் பத்திரமாக வந்தன. ஒன்றுகூட உடையவில்லை. போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்து ஒரே நாளில் ஒட்டிவிட்டார். மஞ்சள் நிறப் புல்லும், பின்னால் நீலமாக அந்த மலையும், அவள் பாவாடையின் சிவப்பும் கேட்லாகில் பார்த்ததைவிட நன்றாக இருக்கின்றன. கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே வருகிறாள். காலையில் அடுப்படியில் நின்று காபி போடும்போது நேரே என்னைப் பார்த்து நடந்துவருகிற மாதிரியே இருக்கிறது. நீ நன்றாக வேலை செய்திருக்கிறாய், அச்சு. பத்து மணிக்குத்தான் எழுந்திருந்தவள் இப்போதெல்லாம் ஆறு மணிக்கே கீழே வந்துவிடுகிறேன்.

அத்திம்பேர் "கலர் நன்னா இருக்கு" என்றார். அவர் அதற்குமேல் என்றைக்குச் சொல்லியிருக்கிறார்.

ஜலஜா


இர்விங்
ஜூன் 18, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். உடம்புக்கு எல்லோரும் நலம்தான். மனசுக்குத்தான் சரியில்லை.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். உனக்காகத் திருப்பிய படத்தை வேறு பெயரில் சேமித்திருக்க வேண்டும். பழைய படத்தின் மேலேயே சேமித்துத் தொலைத்திருக்கிறேன். ஏப்ரலில் சூளையிலிருந்து வந்த அத்தனை செட்டிலும் அந்தப் பெண் திரும்பித்தான் நடக்கிறாள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. சனிக்கிழமை ஷோரூம் விழாவுக்கு ரோவீனாவே வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசாதவர். சுவரில் அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். நின்றவர் நகரவே இல்லை. பிறகு தன் இடது கையை எடுத்துப் படத்தில் கம்பு பிடித்திருக்கும் கைமேல் வைத்தார். அது வலது கை.

"என் பெண் இடது கைக்காரி" என்றார். "இது யாருடைய பெண் என்று எனக்குத் தெரியவில்லை."

அவள் அவருடைய மகள் என்பது அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. பெயரென்ன என்று மேனேஜர் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அவள் உயிரோடு இல்லை என்று கூட வந்தவர் மெதுவாகச் சொன்னார். எப்படித் தப்பு நடந்தது என்று மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சாஃப்ட்வேர் கோளாறு என்றேன். வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது.

விற்ற செட்டையெல்லாம் திரும்பக் கேட்கப் போகிறார்கள். உனக்கும் கம்பெனியிலிருந்து கடிதம் வரும். சரியான படத்தை நானே அனுப்பிவைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அச்சு


இர்விங்
ஜூலை 15, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நான்கு வாரமாக உன் பதில் இல்லை. அத்திம்பேர் நீ சௌக்கியம் என்கிறார், அதற்குமேல் அவரிடம் பெயராது.

தூக்கம் பிடிக்காமல் போனதால் ரோவீனாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். என் அக்கா வாஸ்துவுக்காகக் கேட்டாள், நான் உங்களைக் கேட்காமல் திருப்பினேன் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். வாஸ்து என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"என் வீட்டு வாசலில் நின்று அந்த மலையைப் பார்த்தால் வலது பக்கம் கிழக்கு. அவள் இறந்த வருஷம் அதை வரைந்தேன். அவள் கிழக்கே போகிறாள். என் குடும்பத்தில் போனவர்களின் பெயரைச் சொல்லமாட்டோம், திரும்ப அழைக்கமாட்டோம். அழைத்தால் அவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள், வழி தவறிவிடும். நான் அவளை அழைக்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? அதற்காகத்தான் அந்தப் படம். இப்போது பதினோரு வீட்டில் அவள் திரும்பி வந்துகொண்டிருக்கிறாள்."

பதினோரு வீட்டில் பத்துப் பேர் கொடுத்துவிட்டார்கள். இன்னும் வராதது உன்னுடையது ஒன்றுதான். அக்கா, அந்தம்மாவுக்காகவாவது எடுத்துவிடேன்.

அச்சு


சான் ரமோன்
ஜூலை 22, 2024

அச்சுவுக்கு,

ஆசீர்வாதம். நாங்கள் நலம்.

எடுக்கமாட்டேன்.

உன் கம்பெனிக் கடிதங்கள் மூன்றும் வந்தன. மூன்றையும் கிழித்துப் போட்டேன். என் வீட்டுச் சுவர், என் சமையலறை. அந்த அம்மாளுக்கு ஒரு பெண் போனாள் என்றால் எனக்கும்தான் போனாள். அவருக்கு அனுப்பிவைக்கத் தைரியம் இருந்தது, அனுப்பினார். எனக்கு இல்லை. காலையில் எழுந்து வர ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அதையும் உளி வைத்துப் பெயர்த்துக் கொடு என்கிறாயா?

அது யாருடைய பெண் என்று தெரியவில்லை என்றாராமே. எனக்குத் தெரியும். வலது கைக்காரி. அப்படியே சொல்.

ஜலஜா


இர்விங்
ஆகஸ்ட் 5, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். உன் கடிதத்தைக் காரில் உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்குள் போக அரை மணி ஆயிற்று. வாஸ்து என்று நீ எழுதினபோது கேலி செய்தேன் பார், அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும். உன்னைப் புரிந்துகொள்ளாத தம்பியாக இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்.

மேனேஜரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். டிசைனிலிருந்து என்னைக் குடோனுக்கு மாற்றியிருக்கிறார்கள். பரவாயில்லை, அங்கே யார் படத்தையும் திருப்ப முடியாது. இதற்காக நீ வருத்தப்படக் கூடாது, செய்தது என் கை.

நீ சொன்னதை ரோவீனாவிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் நீயே எழுது. அவர் விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. எடு என்று இனிமேல் கேட்கமாட்டேன்.

அச்சு


சான் ரமோன்
செப்டம்பர் 9, 2024

சிரஞ்சீவி அச்சுவுக்கு,

ஆசீர்வாதம். குடோனில் பாரம் தூக்கச் சொல்கிறார்களா? உனக்கு இடுப்பு ஆகாது, பார்த்துக்கொள். இங்கே வெயில், மலையெல்லாம் வைக்கோல் நிறம்.

அந்த அம்மாளுக்கு எழுதினேன். இங்கிலீஷில் எழுதியதால் சுலபமாக இருந்தது. உனக்குத் தமிழில் எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் உனக்கும் தெரியட்டும். அத்திம்பேருக்குக்கூடத் தெரியாது.

அன்றைக்கு அவள் டேவிஸ் காலேஜிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். அடைக்கு அரைத்து வைத்திருந்தேன். "ஃப்ரெண்ட்ஸோட டின்னர் போறேன்மா" என்றாள். வருவதே மாசத்துக்கு ஒரு நாள், அன்றைக்கும் வெளியிலா என்று ஆரம்பித்தேன். அவள் இங்கிலீஷில் கத்தினாள், நான் தமிழில் கத்தினேன். அடைக்கு ஒரு சண்டை, அச்சு. கேரேஜ் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்த்தால் அவள் மூக்குக் கண்ணாடி மேடைமேல் இருக்கிறது. வெளியே நல்ல மழை. தூரத்துப் பார்வைக்கு அவளுக்குக் கண்ணாடி வேண்டும். கார் கிளம்புகிறவரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கூப்பிடவில்லை.

கிளம்பினவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று நம் வீட்டில் உண்டே, அதனால்தான் கூப்பிடவில்லை என்று ஒரு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கோபம். கண்ணாடி இல்லாமல் திண்டாடட்டும், தானே வந்து கேட்கட்டும் என்று நினைத்தேன். லாரிக்காரன் மேல்தான் தப்பு என்று போலீஸ் எழுதிக்கொடுத்தார்கள். கண்ணாடி போட்டிருந்தால் அந்த லாரியை அவள் பார்த்திருப்பாளா என்று எந்தப் போலீஸாலும் எழுதித்தர முடியாது.

நான் கூப்பிடாமல் விட்டதைத்தான் அந்தச் சுவரில் தினமும் கூப்பிடுகிறேன்.

இதற்கு ஆறுதல் எதுவும் எழுதாதே.

ஜலஜா


இர்விங்
செப்டம்பர் 26, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். ஆறுதல் எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை. மூன்று முறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

ரோவீனா நேற்றுப் பேசினார். உன் கடிதத்தை ஒரு வாரம் பிரித்தபடியே எதிரில் வைத்திருந்தாராம். உனக்குச் சொல்லச் சொன்னது இது: "அந்தச் சுவர் அங்கேயே இருக்கட்டும். அது என் பெண் இல்லை. என் பெண் போய்ச் சேர்ந்திருப்பாள். அந்த அம்மாவின் பெண்ணை எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை." கம்பெனியிலும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாராம். இனி உன்னை யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். அவள் உன்னோடேயே இருக்கட்டும், அக்கா.

விஷாகாவும் க்ரிஷும் உன்னை மிகவும் விசாரிக்கிறார்கள்.

அச்சு


சான் ரமோன்
அக்டோபர் 1, 2024

அச்சுவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. சனிக்கிழமையே டைல்ஸை எடுத்துவிட்டோம்.

இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் எடுத்திருக்கமாட்டேன். அந்த அம்மாளிடம் இதைச் சொல்லாதே, நல்ல மனசோடு கொடுத்தது வீணாயிற்றே என்று நினைப்பார். உனக்கு எழுதி முடித்த நாளிலிருந்தே எனக்கு அவளை நேரே பார்க்க முடியவில்லை. தினமும் வருகிறாள், வந்து சேரவே மாட்டேன் என்கிறாள். முதுகில் அவ்வளவு பெரிய கூடை. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அவள் நடந்துகொண்டேதானே இருக்க வேண்டும்? கால் வலிக்காதா என்று தோன்றிவிட்டது. எடுத்துவிடலாம் என்று அத்திம்பேரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார்.

காலையில் ஆரம்பித்தோம். மூன்றுதான் முழுசாக வந்தன. முகம் இருந்த டைல்ஸ் இரண்டாக உடைந்தபோது நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதுகொண்டே கண்ணாடி விஷயத்தை அவரிடம் சொன்னேன். கத்துவார், இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் உளியைக் கீழே வைத்தார்.

"தெரியும் ஜலஜா" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"கேரேஜ் கேமரால இருந்தது. மறுநாளே பார்த்துட்டேன். கார்ல ஏறினவ மறுபடியும் இறங்கி வந்தா. கண்ணாடிக்காகத்தான் இருக்கும். கதவு வரைக்கும் வந்துட்டா. தட்டறதுக்குக் கையைத் தூக்கினா. அப்புறம் என்ன தோணித்தோ, தட்டலை. அப்படியே நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டா. பதினெட்டு செகண்ட்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீ கதவுக்கு இந்தப் பக்கம்தானே நின்னுண்டிருந்திருப்பே. அதை எப்படிடீ உங்கிட்ட சொல்லுவேன்?"

இருபது மாதமாக அந்தப் பதினெட்டு செகண்டை அவர் தனியாக வைத்துக்கொண்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து மூடிக்கொண்டு என் கூடவே இருந்திருக்கிறார். நான் அவரையும் பார்க்கவில்லை, அச்சு. பிறகு இரண்டு பேரும் உடைந்த டைல்ஸ் நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதோம். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. காரியத்தன்றுகூட அழவில்லை.

அதைப் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் வந்திருக்கிறாள். நான் கூப்பிடாமலே வந்திருக்கிறாள். ஒரு கதவுதான் நடுவில். அவள் தட்டியிருந்தால் நான் திறந்திருப்பேன், நான் திறந்திருந்தால் அவள் அங்கே நின்றிருப்பாள். இந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சுவர் வெறும் சிமெண்ட்டாக இருக்கிறது. புதிதாக எதுவும் அனுப்பாதே. ஒரு நடை நீ வா. விஷாகாவையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு வா. தீக்ஷா அறையில் படுத்துக்கொள்ளுங்கள், திறந்து பெருக்கி வைக்கிறேன். எந்த நேரத்தில் வந்தாலும் சரி, தூங்குகிறாளோ, தொந்தரவோ என்று யோசிக்காதே.

கதவைத் தட்டு, அச்சு.

ஜலஜா